தொலையாத பொருட்களின் நோட்டு

உட்காருங்கள் சார். அந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். மேலே வேண்டாம். மேலே வைத்தால் மறந்துவிடுவேன் என்பதற்காக இல்லை, உள்ளே இருப்பது அப்படிப்பட்ட பொருள். நீங்கள் எதுவரை? காங்கேயமா? நல்லது. நான் கோயம்புத்தூர். நாலு மணிக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்போது ஏழரை. பன்னிரண்டரைக்குள் இந்த பஸ் போய்விடும். மிச்ச நேரம் அங்கே உட்கார்ந்திருப்பேன். எங்கே போனாலும் நான் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். தாமதமாகப் போவது அடுத்தவர் நேரத்தைத் திருடுவது. என் கல்யாணத்துக்கே நான் தாமதம் என்று ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. மண்டபத்துக்கு எதிரே ஒரு பழைய புத்தகக் கடை. காலையில் காபி குடித்துவிட்டுச் சும்மா நுழைந்தேன். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மைத்துனர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். அந்தக் கதை பிறகு.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மகள் விஷயம்.

என் பெயர் அருணகிரி. சொந்த ஊர் புதுக்கோட்டை. நூலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். வருகிற நூலுக்கு எண் போட்டு, அட்டை எழுதி, எந்த அலமாரியில் எது உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. நான் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று என் மகள் கேலி செய்வாள். என்ன செய்வது, அச்சடித்தவற்றோடுதானே வாழ்ந்தேன். இப்போது வீட்டில் நான் மட்டும்தான். செய்தி வாசிக்கிறவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பதில் சொல்வதில்லை என்பது ஒன்றுதான் குறை.

எங்கே விட்டேன்? ஆமாம், மகள்.

கயற்கண்ணி. கயல் என்று கூப்பிடுவோம். வயது முப்பத்து மூன்று. கோயம்புத்தூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறாள். இது நாலாவது வேலை. முந்தைய மூன்றும் அவளை விட்டன என்பதா, அவள் அவற்றை விட்டாள் என்பதா, அது ஒரு ஆராய்ச்சி. கெட்டிக்காரி சார். எட்டு வயதில் நத்தையைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தேன். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. அதே பிள்ளை, ஏழாம் வாய்ப்பாடு எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் ஜன்னலுக்குப் போய்விடும். பென்சில் சீவப் போகும், தண்ணீர் குடிக்கப் போகும், போன இடத்தில் பல்லியோடு நின்றுவிடும். நான் பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பேன். அடித்ததில்லை. மேஜையைத் தட்டுவேன், அவ்வளவுதான். தினமும் இரண்டு மணி நேரம், பத்து வருடம் அப்படி உட்கார்ந்தேன்.

போன தை மாதம் போன் செய்தாள். "அப்பா, ஒரு டாக்டரப் பாத்தேன். எனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கலாம்னு சொல்றாங்க."

தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. எவ்வளவு நீளம் பாருங்கள். உண்மையிலேயே அந்தக் கோளாறு உள்ளவர் இந்தப் பெயர் முடிவதற்குள் எழுந்து போயிருப்பார். இதை அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"பெரியவங்களுக்கும் வரும்ப்பா. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும், கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வீட்டாளுங்க ஒரு ஃபாரம் நிரப்பணும். அம்மா இல்ல, நீங்கதான் இருக்கீங்க."

ஃபாரம் தபாலில் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பிள்ளை எப்படி இருந்தது என்று பதினெட்டுக் கேள்விகள். பொருட்களைத் தொலைப்பாரா? வேலையைப் பாதியில் விடுவாரா? சொல்வதைக் கேட்காதவர் போல் இருப்பாரா? உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்துவிடுவாரா? ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. பதினெட்டும் முடிந்த பிறகு அடியில் தனியாக ஒன்று, குடும்பத்தில் வேறு யாருக்காவது இத்தகைய இயல்புகள் உண்டா என்று.

நான் பொறுப்பாகத்தான் நிரப்பினேன். அதில்தான் வம்பு வந்தது.

உங்களுக்கு நூலகத்தின் இருப்புச் சரிபார்ப்பு தெரியாது இல்லையா? வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நூலையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்போம். சமையல் புத்தகம் சட்ட அலமாரியில் கிடந்தால் அது இடம் மாறியது. அதை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டால் கணக்கு நேர். கடைசிவரை கண்ணில் படாததுதான் தொலைந்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம் சார். 'பொருட்களைத் தொலைப்பாரா' என்று கேட்டால் என் கை என்ன எழுதும்? கயல் தொலைத்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் கிடைத்தன. ஒருபோதும் இல்லை என்று கட்டம் போட்டேன். வேலையைப் பாதியில் விடுவாளா? நான் பக்கத்தில் இருந்தேனே, எப்படி விடுவாள்? ஒருபோதும் இல்லை. பள்ளிக்குத் தாமதமா? நான்தானே கொண்டுபோய் விட்டேன். ஒருபோதும் இல்லை. கவனம் சிதறுமா என்ற இடத்தில் மட்டும் ஓரத்தில் நத்தையைப் பற்றி நாலு வரி எழுதினேன். அடியில் இருந்த கேள்விக்கு 'இல்லை' என்று நல்ல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவள் போன் வந்தது.

"அப்பா, நீங்க பொய் எழுதியிருந்தா கோவப்பட்டுட்டுப் போயிருப்பேன். நெஜமாவே அப்படித்தான்னு நெனச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் தாங்க முடியல."

நான் என்ன தவறு என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா நான் சோம்பேறி, திமிர் பிடிச்சவ, அக்கறை இல்லாதவன்னு நானே நெனச்சிட்டிருந்தேன். மொதத் தடவையா ஒருத்தர், அது அப்படி இல்லம்மான்னு சொன்னாங்க. அவங்ககிட்டப் போயி நீங்க ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப அவங்களே யோசிக்கிறாங்க. மருந்து ஆரம்பிக்கல. ஆபீஸ்ல ரெண்டாவது மெமோ வந்தாச்சு."

"எல்லாவற்றையும் நான் தேடிக் கொடுத்தேனே, அம்மா" என்றேன்.

"தேடிக் குடுத்தீங்க. ஒவ்வொரு தடவையும் அந்த நோட்டுல கையெழுத்துப் போட வெச்சீங்களே, அதையும் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏழு வாரம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேசுவது எங்கள் வழக்கம். அந்த ஏழு ஞாயிறும் பத்து மணிக்கு நான் போன் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த ஊர் அம்மா என்று விசாரித்தேன். நல்ல பெண். நாலு நிமிஷம் பேசினாள்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா? குளித்தலை வந்தால் வெயில் இந்தப் பக்கம் அடிக்கும். குளித்தலை வாழை பார்த்திருக்கிறீர்களா? வாழை நாரைப் பற்றி ஒரு பழைய நூல் எங்கள் நூலகத்தில் இருந்தது, அதில்... இல்லை, வேண்டாம். எங்கே விட்டேன்?

நோட்டு. சரியாகச் சொன்னீர்கள்.

இந்தப் பைக்குள் இருப்பது அதுதான். இருங்கள், எடுக்கிறேன். நீள நோட்டு, நானே கோடு போட்டது. தேதி, பொருள், கிடைத்த இடம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. அவளுக்கு ஏழு வயதில் தொடங்கினேன். முதல் பதிவு பாருங்கள். தண்ணீர் பாட்டில், நீலம். பள்ளி சைக்கிள் கொட்டகை. இரண்டாவது, அதே தண்ணீர் பாட்டில், அதே கொட்டகை. ஒற்றைச் செருப்பு, பிள்ளையார் கோயில் வாசல். ஜியாமெட்ரி பாக்ஸ், அரிசி டப்பாவுக்குள். கணக்கு நோட்டு, குளியலறை ஜன்னல். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பதிவு. ஒன்றுகூடத் தொலையவில்லை.

கையெழுத்து இந்தப் பத்தியில். முதலில் கோழி கிளறின மாதிரி 'க' மட்டும் போடுவாள். போகப்போக முழுப் பெயர். பன்னிரண்டு வயதில் சுழித்துப் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். இத்தனை கையெழுத்துப் பயிற்சி எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? இது தண்டனை இல்லை சார். நூலகத்தில் யார் நூல் எடுத்தாலும் கையெழுத்துப் போட வேண்டும். கலெக்டரே போட்டிருக்கிறார். போட்டால் பொறுப்பு வரும் என்பது ஐதீகம். அவளுக்கு வரவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு அந்த டாக்டர் அம்மாவே என்னைக் கூப்பிட்டார். பர்வீன் என்று பெயர். குரலில் சின்ன வயது.

"சார், எல்லாத்துக்கும் ஒருபோதும் இல்லன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவங்க தண்ணி பாட்டில யாரு தேடுவா?"

"நான்தான்."

"எத்தன தடவ தேடியிருப்பீங்க?"

"பாட்டில் மட்டுமா, மொத்தமா? மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. பதிவு இருக்கிறது."

நானூற்றுப் பன்னிரண்டு என்று ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "சார், சில பிள்ளைங்களுக்கு வீட்ல ஒருத்தர் பின்னாடியே போயி எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்சிட்டே இருப்பாங்க. அதனால வெளிய ஒண்ணும் தெரியாது. அந்தக் கைய எடுத்ததுக்கு அப்புறம்தான் எல்லாம் சரியும். கயல் எப்ப சரிஞ்சாங்க?"

யோசித்தேன். கல்லூரி விடுதிக்குப் போன வருடம். முதல் பருவத்தில் நாலு பாடம் போச்சு. அதுவரை பள்ளியில் இரண்டாம் இடம். புது ஊர், கெட்ட சகவாசம் என்று நான் அப்போது முடிவு கட்டியிருந்தேன்.

"நத்தை?" என்று கேட்டேன். "நாள் முழுக்கக் கவனமாகப் படித்தாளே."

"அதுவும் இதுல ஒரு பகுதிதான் சார். கவனம் இல்லாம இல்ல. நாம கூப்பிடற எடத்துக்கு வராது. அதுக்குப் பிடிச்ச எடத்துல போயி உக்காந்தா எழுந்திரிக்காது."

நல்ல விளக்கம். புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது. பிறகு வழக்கமான கேள்வி போலிருக்கிறது, "அவங்க அம்மா எப்படி சார்?" என்றார். அவள் ஒரு கடிகாரம், அம்மா என்றேன். "நீங்க?" என்றார். நான் நூலகர் என்றேன்.

சிரித்தார். ஏன் என்று தெரியவில்லை. புது ஃபாரம் அனுப்பினார். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார், கயலும் இருப்பாள் என்றார். நான் கயலுக்குச் செய்தி அனுப்பினேன், வரட்டுமா என்று. 'வாங்க' என்று பதில். 'வாங்கப்பா' இல்லை. வாங்க. பஸ் கண்டக்டரிடம் சொல்வது மாதிரி. இருந்தாலும் ஏழு வாரத்தில் அவளிடமிருந்து வந்த முதல் சொல். போனில் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இந்த முறை சரியாக நிரப்பியிருக்கிறேன். மிக அடிக்கடி, மிக அடிக்கடி, அடிக்கடி. யார் தேடினார், யார் எழுப்பினார் என்று ஓரத்தில் குறிப்பு. எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. பத்து வருடம் குனிந்து குனிந்து தேடியவனைப் பார்த்து, நீ தேடினதால்தான் வியாதி மறைந்தது என்றால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் அவள் மருந்து தொடங்க வேண்டும். வேலை நிலைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எனக்கு மணி அடிக்க வேண்டும். அதற்கு நான் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் மாற்றிப் போடுவேன். அடியில் இருக்கிற கேள்வி மட்டும் பழைய பதில்தான். இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, உங்களுக்குக் காட்டுகிறேன். இந்த நோட்டு மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. என் மனைவி சௌந்தரம் போய் ஆறு வருடம் ஆகிறது. அவள் போனபிறகு எங்கள் வீட்டில் பொருட்கள் நிற்பதில்லை சார். வீட்டுக்கே ஏதோ ஆகிவிட்டது. கண்ணாடி நாலு வாங்கியாயிற்று. பால் பொங்கி மூன்று பாத்திரம் அடி பிடித்துப் போயிற்று. கரண்ட் பில் கட்டவில்லை என்று மின்வாரிய ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனான், பில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் இருந்தவரை இந்த வம்பே கிடையாது. கையை நீட்டினால் கண்ணாடி இருக்கும், குடை இருக்கும். நல்ல வீடாகத்தான் இருந்தது.

சரி, நோட்டு. நேற்று சாயங்காலம் அவளுடைய புடவை பீரோவில் அடித்தட்டில் கிடைத்தது. பிரித்தால் பின்பக்கத்திலிருந்து, தலைகீழாகத் திருப்பி வைத்து, அவளும் பதிவு எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. பாருங்கள், அவள் கையெழுத்து. கணக்கு டீச்சர், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

'கண்ணாடி. ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால்.' 'கண்ணாடி. அதே இடம்.' 'சாவி. கதவிலேயே.' 'ஸ்கூட்டர். மார்க்கெட்டில். நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.' முப்பத்தேழு இருக்கிறது. இது பாருங்கள். 'பொருள்: கணவர். கிடைத்த இடம்: நூலகம், பூட்டிய பின்.' அது ஒரு சனிக்கிழமை, அரை நாள். அலமாரிக்கு நடுவில் நின்றபடி ஒரு கடல் பயண நூல் படித்துக்கொண்டிருந்தேன். காவலாளி பூட்டிவிட்டுப் போய்விட்டார். சௌந்தரம்தான் அவர் வீட்டைத் தேடிப்பிடித்துச் சாவியோடு வந்தாள். சாப்பாடு ஆறிப்போச்சு, வாங்க என்றாள்.

அவளுக்குக் குறும்பு அதிகம். என் முறையைக் கேலி செய்து எழுதியிருக்கிறாள். ஆனால் பதிவு முறை தெரியாது பாருங்கள். கையெழுத்துக்குப் பத்தியே விடவில்லை. யார் பெற்றுக்கொண்டார் என்று எப்படித் தெரியும்?

கடைசிப் பதிவு அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம். 'மாத்திரை டப்பா. அவர் தலையணை உறைக்குள்.' அதற்குப் பிறகு வெறும் தாள். அதாவது, அதற்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை.

இது எதைப் படிக்கிறீர்கள்? அவளுடைய முப்பத்து நாலாவது பதிவா? அது கயல் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம். 'கயலின் ஹால் டிக்கெட். அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள், பக்க அடையாளமாக.' ஆமாம். அன்றைக்கு வீடே தலைகீழ். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே எல்லாப் பையையும் கொட்டினாள். நான் வழக்கம்போல் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன். கடைசியில் சௌந்தரம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எங்கே இருந்தது என்று நான் கேட்டேனா, அவள் சொன்னாளா, நினைவில்லை. முன்பக்கத்தில் நானும் பதிவு செய்திருக்கிறேன். முந்நூற்று அறுபத்தேழு. ஹால் டிக்கெட், வீட்டில். கையெழுத்து, கயற்கண்ணி.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, காதில் விழுந்தது. பஸ் சத்தம் இல்லை. கேட்டது சரியான கேள்விதான்.

அதற்கு அந்தப் பிள்ளை ஏன் கையெழுத்துப் போட்டது என்றுதானே கேட்டீர்கள்?

நான் நோட்டை நீட்டினேன், போட்டது. பதினைந்து வயது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுழித்து, முழுப் பெயர் போட்டிருக்கிறது பாருங்கள். தான்தான் தொலைத்தோம் என்று அதுவும் நம்பியிருக்கும். நேற்று இந்த இரண்டு பக்கத்தையும் நான் படித்தேன் சார். இரண்டையும் படித்தேன். ஒத்துப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் ஒத்துப் பார்த்த ஆள் நான்.

கரூர் வருகிறது. டீ குடிக்கிறீர்களா? நான் இறங்கவில்லை. இறங்கினால் பஸ்ஸை விட்டுவிடுவேன். ஆமாம், விட்டிருக்கிறேன். இரண்டு முறை. மூன்று.

உங்களிடம் பேனா இருக்கிறதா சார்? காலையில் மூன்று எடுத்து வைத்தேன். பரவாயில்லை, தேட வேண்டாம். கிடைக்காது.

நன்றி. எங்கள் முறைப்படி பதிவில் அடித்தல் திருத்தல் கூடாது. தவறு இருந்தால் மேலே ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். முதலில் இந்த முந்நூற்று அறுபத்தேழு. கொஞ்சம் நோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் ஆடுகிறது. அடுத்து ஃபாரத்தில் அந்தக் கடைசிக் கேள்வி. அதற்கு ஒரே ஒரு சொல்தான்.

பிறகு இந்தப் பின்பக்கம். சௌந்தரம் பத்தி விடவில்லை, ஆனால் ஓரத்தில் இடம் இருக்கிறது. முப்பத்தேழு கையெழுத்து. பாதியில் நான் வேறு ஏதாவது பேச ஆரம்பித்தால் நோட்டைத் தட்டுங்கள் சார். காங்கேயத்துக்குள் முடித்துப் பேனாவைத் தந்துவிடுகிறேன்.